இடது மட்கார்டில் ஓர் ஓட்டை

எங்கள் வீட்டு அம்பாசிடருக்கு ஒரே ஒரு சைடு கண்ணாடிதான். வலப்பக்க மட்கார்டின் மேல், ஒற்றைக் காலில் நிற்கிற வட்டக் கண்ணாடி. இடப்பக்கம் மொட்டை. என் மாமனார் அந்தக் காரை வாங்கிய காலத்தில் இடப்பக்கமாக வந்தவை ஆடும் மாடும்தான்; அவற்றுக்குக் கண்ணாடி தேவைப்பட்டிருக்காது.

மாமனார் காலமான பிறகு கார் சில வருடங்கள் உடையார்பாளையத்தில் என் கணவரின் அண்ணனிடம் இருந்தது. பிறகு பெரம்பலூரில் எங்களிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய், அண்ணனிடம் காட்டிவிட்டு, சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்பது சகோதரர்களுக்குள் வாய்மொழி ஒப்பந்தம். அந்தப் பயணங்களில் நான் முன் சீட்டில் இடப்பக்கம் உட்கார்ந்து போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. நான் அங்கே வேலை பார்த்தேன்.

"லெப்ட்?" என்பார் என் கணவர்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, பின்னால் திரும்பிப் பார்த்து, "வரலைங்க, போங்க" என்பேன்.

ஏதாவது வந்தால்தான் சிக்கல். "பஸ் வருது" என்றால் அவருக்குப் போதாது. அவர் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தேசமான பேச்சு ஆகாது.

"எவ்வளவு தூரத்துல வருது?"

"கிட்டக்க."

"கிட்டக்கன்னா? நூறு அடியா, எரநூறு அடியா?"

அதற்குள் பஸ் எங்களைக் கடந்து போயிருக்கும்.

நான் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். 'குவி ஆடியின் பயன் யாது?' என்பது இரண்டு மதிப்பெண் கேள்வி. 'வாகனங்களில் பின்வரும் வண்டிகளைக் காண உதவுகிறது' என்று ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை எழுத வைத்துத் திருத்துகிறவள், ஞாயிற்றுக்கிழமையானால் தானே அந்த ஆடியாகப் போய் உட்காருவேன். இதை என் வகுப்பில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அரியலூர் நெருங்க நெருங்க என் வேலை கனமாகும். அந்தச் சாலை சுண்ணாம்புக்கல் லாரிகளின் சாலை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இடையில் நாங்கள். புடவை எந்த நிறத்தில் கட்டிக்கொண்டு கிளம்பினாலும் ஊர் போய்ச் சேரும்போது ஒரே சாம்பல் நிறம். வழியில் தூங்க முடியாது. ஒரு வேர்க்கடலைப் பொட்டலத்தை நிம்மதியாகத் தின்ன முடியாது. அவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது. பேச ஆரம்பித்தால் நடுவில் "லெப்ட்?" வந்துவிடும்.

இப்படியே இன்னும் பல வருடம் ஓடியிருக்கும். அரியலூருக்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் எல்லாம் மாறியது.

பங்க் சாலையின் இடப்பக்கம் இருந்தது. அவர் திரும்பப் போகும் நேரத்தில் லாரிப் புழுதி என் கண்ணில் விழுந்தது. நான் முந்தானையால் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். "லெப்ட்?" என்றது காதில் விழுந்தது. "இருங்க, கண்ணுல..." என்றேன். அவர் 'இருங்க' என்பதை விட்டுவிட்டார். அல்லது என் குரல் வந்ததே அனுமதி என்று எடுத்துக்கொண்டார். வண்டி திரும்பியது. டமால் என்று ஒரு சத்தம். நான் கண்ணைத் திறந்து பார்த்தால் என் பக்கத்துக் கதவெல்லாம் பால்.

மொபெட்டில் இரண்டு கேன் பால் கொண்டு வந்த பால்காரர் சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தார். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். நான் இறங்கி ஓடி அவர் கையைத் துடைத்துவிட்டேன். ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"என்ன சார், பாத்து வரக் கூடாதா?" என்றார் ஒருவர்.

என் கணவர் காரிலிருந்து இறங்கி, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, மிகவும் நிதானமாகச் சொன்னார்: "இவங்க சொல்லலைங்க."

பத்துப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் "அவங்க எதுக்குச் சொல்லணும்?" என்று கேட்கவில்லை. அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. "முன் சீட்டுல உக்காந்தா ரோட்டப் பாக்கணும்மா. செல்லப் பாக்கக் கூடாது" என்றார் இன்னொருவர். என் செல்போன் பைக்குள் இருந்தது.

எனக்கு அதெல்லாம்கூடப் பெரிதாகப் படவில்லை. கீழே விழுந்த பால்காரர், நான் துடைத்துவிட்டுக்கொண்டிருந்த அந்தக் கையை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டு, "ஏம்மா, வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சார் நிப்பாட்டியிருப்பாருல்ல?" என்றார். அதுதான் தாங்கவில்லை. அவர் என் கணவரைப் பார்த்து, "நீங்க என்ன பண்ணுவீங்க சார்" என்று ஆறுதலும் சொன்னார்.

காயத்துக்குக் கட்டுப் போட வைத்து, செய்ய வேண்டியதைச் செய்து அவரை அனுப்பிவிட்டுக் காருக்கு வந்தோம். நான் பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தேன்.

"முன்னாடி வா" என்றார்.

"இனிமே நான் அங்க வர மாட்டேங்க. கண்ணாடி ஒண்ணு வாங்கி மாட்டுங்க."

"இந்த வண்டிக்கு அது கிடையாதும்மா. ஒரிஜினலாவே கிடையாது."

"நானும் ஒரிஜினலா வண்டியோட வரலைங்க" என்றேன்.

அன்று மிச்ச தூரத்தை அவர் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். நான் பின்னால் நன்றாகத் தூங்கினேன்.

அவர் உடனே பணிந்துவிடவில்லை. அடுத்த பதினைந்து நாள் பெரம்பலூருக்குள் இடப்பக்கம் திரும்பாமலே வண்டி ஓட்டினார். மூன்று முறை வலப்பக்கம் திரும்பினால் ஒரு முறை இடப்பக்கம் திரும்பியதற்குச் சமம் என்பது அவர் கண்டுபிடிப்பு. சர்வேயர் மூளை, கணக்கில் பிழை இல்லை. ஆனால் காய்கறி வாங்கப் புறப்பட்டால் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் மார்க்கெட் வரும். பத்து நிமிடத்தில் நடந்து போகும் இடத்துக்குக் காரில் அரை மணி நேரம் ஆனது. ஒரு நாள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராபிக் கான்ஸ்டபிள் ஒருவர் வண்டியை நிறுத்தி, "சார், உங்கள நாலாவது தடவையாப் பாக்கறேன். ஏதாச்சும் அட்ரஸ் தேடறீங்களா?" என்று மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். அன்று வீட்டுக்கு வந்தவர் சோபாவில் சாய்ந்து, "போட்டுடலாம்" என்றார்.

முதலில் அவர் சேர்ந்திருந்த வாட்ஸாப் குழுவில் கேட்டார். பழைய கார் வைத்திருப்பவர்களின் குழு அது. வண்டியை ஓட்டுவதைவிட அதிகமாகப் படம் பிடிப்பவர்கள். 'இடது மட்கார்டில் கண்ணாடி பொருத்தலாமா?' என்ற ஒரு வரிக் கேள்விக்கு இரண்டு வாரம் சண்டை நடந்தது. ஓட்டை போட்டால் வண்டியின் கற்பு போய்விடும் என்ற அர்த்தத்தில் ஒருவர் எழுதினார். இன்னொருவர், தன் வண்டியில் இடப்பக்கம் பார்க்க மைத்துனர் வருவதாகவும் இதுவரை எந்தப் பிரச்சினையும் இல்லை என்றும் எழுதினார். மைத்துனருக்குப் பிரச்சினை உண்டா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறி, அதில் இரண்டு பேர் மறுநாள் திரும்பி வந்தார்கள்.

அடுத்தது அண்ணனின் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையம் போனோம். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் முந்திரிக் காட்டைப் பங்கு பிரித்துக்கொண்டது ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கும் நேரத்துக்குள். எந்தத் தகராறும் இல்லை. ஆனால் மட்கார்டில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை என்றதும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பா கார்ல ஓட்டையா?"

"சின்ன ஓட்டைதாண்ணே."

"சின்னதோ பெரிசோ. அப்பா இத்தன வருஷம் ஓட்டலையா? நான் ஓட்டலையா? ஒரு கீறல் விழுந்துச்சா?"

"இவ முன்னாடி உக்கார மாட்டேங்கறா."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். நேராக என்னிடம் பேச மாட்டார். என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். "வண்டியில போறவங்க ரோட்டப் பாத்துக்கிட்டு வர்றது ஒரு கஷ்டமா? சும்மா உக்காந்துதான வராங்க."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தார். நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். அந்த வீட்டில் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"எட்டு வருஷம் நானும் சும்மாதான் உக்காந்து வந்தேன்" என்றார். "என் கழுத்து எதனால இப்படி இருக்குன்னு நெனைக்கறீங்க?"

அக்கா எப்போதும் தலையைக் கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பார். அது அவருடைய அடக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

"உனக்கு அது தலகாணி சரியில்லாம வந்ததுன்னு டாக்டரே சொன்னாரு" என்றார் அண்ணன்.

"டாக்டரு நம்ம கார்ல வந்தாரா?"

அண்ணன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "நல்ல நாள் பாக்காம அப்பா வண்டியில இரும்பு வைக்கக் கூடாது. ஆடி முடியட்டும்."

அக்கா கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் தேங்காய் உரிக்கிற கடப்பாரை. நேராகக் காரிடம் நடந்தார். இடது மட்கார்டின் மேல் அதன் கூர்முனையை வைத்து, "எந்த எடத்துல போடணும், சொல்லு" என்று என்னைக் கேட்டார்.

சகோதரர்கள் இருவரும் வாசலுக்கு ஓடி வந்த வேகத்தை அவர்கள் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "மெக்கானிக்கே போடட்டும், மெக்கானிக்கே போடட்டும்" என்று அண்ணன் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். சம்மதம் அப்படித்தான் கிடைத்தது. அக்கா கடப்பாரையை விட்டுவிட்டு உள்ளே போய் ரசத்தைத் தாளித்தார். நான் பின்னாலேயே போனேன். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அரியலூரில் ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு டிங்கர் கடை. வேலையெல்லாம் சிமெண்ட் லாரி, டிப்பர் லாரி. கடைக்காரர் ஒரு பாய். ஐம்பது வயது இருக்கும். அம்பாசிடரைப் பார்த்ததும் பிடித்திருந்த ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு வந்து பானட்டைத் தடவினார்.

"மாஷா அல்லாஹ், நல்லா வச்சிருக்கீங்க சார். என்ன வேலை?"

"லெப்ட் சைடு கண்ணாடி போடணும் பாய்."

"லெப்ட்டா? எதுக்கு சார்? லெப்ட்ல அம்மாதான் இருக்காங்களே."

சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்தார். "போட்டுடலாம்மா" என்றார் அவசரமாக.

அவரிடம் கைவசம் இருந்தது லாரிக் கண்ணாடி. விருந்துக்குப் பலகாரம் கொண்டு வருகிற தட்டு அளவு. ஒட்டி வைத்துப் பார்த்தபோது காருக்கு ஒரு பக்கம் மட்டும் யானைக் காது முளைத்தது போல இருந்தது. என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள் கண்ணாடி. அது குவி ஆடி. கிட்டே நின்ற டிப்பர் அதில் எங்கோ தொலைவில் தீப்பெட்டி போல் தெரிந்தது.

"இது பொய் சொல்லுது" என்றார் கணவர்.

"பொய் இல்லைங்க. நெறைய எடம் தெரியணும்னா உருவம் சின்னதாத்தான் தெரியும். புஸ்தகத்துல இருக்கு" என்றேன்.

"புஸ்தகம் எழுதினவன் ரோட்டுல வந்தானா?"

ஒரு வாரம் கழித்துப் பாய் போன் செய்தார். உடைத்து எடைக்குப் போட வந்த ஓர் அம்பாசிடரிலிருந்து அதே வட்டக் கண்ணாடி கிடைத்துவிட்டதாம். ஆனால் அது வலப்பக்கத்துக் கண்ணாடி. அடிப்பாகம் மறுபக்கம் சாய்ந்திருக்கும். "காலை அறுத்துத் திருப்பி வெல்டு வச்சா லெப்ட் ஆயிடும், இன்ஷா அல்லாஹ்" என்றார்.

ஓட்டை போடும் நாள் காலையில் என் கணவர் தன் பழைய டேப், ஸ்கேல், பென்சில், நூல்கண்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்தார். வலது மட்கார்டை நீளத்தில் அளந்தார், அகலத்தில் அளந்தார், வளைவில் நூலை ஒட்டி அளந்தார். அதையெல்லாம் இடது பக்கத்துக்கு மாற்றினார். ஒரு புள்ளி வைத்தார். அழித்தார். அரை அங்குலம் தள்ளி இன்னொன்று வைத்தார். ஊரில் எத்தனையோ பேருடைய வயல் வரப்பைப் பத்து நிமிடத்தில் தீர்மானித்தவர், தன் அப்பாவின் மட்கார்டில் இரண்டு மணி நேரம் ஒரு புள்ளியைத் தேடினார். எனக்கே பாவமாக இருந்தது.

"சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. கண்ணு தெளியும்" என்றார் பாய்.

அவர் எதிர்க் கடைக்குப் போனார். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பாய் ஒற்றைக் கண்ணை மூடி வலப்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார், இடப்பக்கத்தை ஒரு தரம் பார்த்தார். ட்ரில்லை வைத்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சத்தம் கேட்டு டீ டம்ளரோடு ஓடி வந்த என் கணவர் டேப்பை எடுத்து அளந்தார். "முக்கால் அங்குலம் முன்னாடி போயிருக்கு" என்றார், யாரோ இறந்த செய்தி சொல்கிற குரலில். பிறகு காரின் எதிரே பத்தடி தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். "தெரியலை" என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அன்று மாலையே வாட்ஸாப் குழுவில் படம் போட்டார். 'நீண்ட யோசனைக்குப் பின், துல்லியமாக அளந்து பொருத்தியது' என்று கீழே எழுதியிருந்தார். கற்பைப் பற்றி எழுதியவர் கைதட்டும் பொம்மை அனுப்பியிருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காரைச் சுற்றி வந்து கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டு, "அப்பா இருந்திருந்தா இதை அவரே எப்பவோ போட்டிருப்பாரு" என்று சொன்னார். அக்கா காரின் முன் சீட்டில் போய்க் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு வந்தார்.

கண்ணாடிக்கும் குறை இல்லாமல் இல்லை. வண்டி நாற்பதைத் தாண்டினால் நடுங்கும். ஒரு லாரி இரண்டாகத் தெரியும். அவர் இரண்டுக்கும் வழிவிடுவார். எப்படியோ "லெப்ட்?" மட்டும் நின்றுபோனது.

நின்ற பிறகுதான் ஒன்று தெரிந்தது. நான் முன் சீட்டுக்குத் திரும்பி வந்த முதல் ஞாயிறு, பெரம்பலூர் தாண்டிப் பருத்திக் காடுகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோபமெல்லாம் இல்லை. இத்தனை வருடம் அந்தக் காருக்குள் நாங்கள் பேசியது 'வருது', 'வரலை' இரண்டும்தான். அதை எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு கைப்பிடி அவரிடம் நீட்டினேன்.

அரியலூர் தாண்டிய பிறகு அவராக ஆரம்பித்தார். "தா.பழூர்ல வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு தடவை வாய்க்கால்ல விழுந்துட்டேன், தெரியுமா?"

"எப்போ? சொல்லவே இல்லையே."

"வயல அளந்துக்கிட்டே பின்னாடி போனேன். பின்னாடி வாய்க்கால் இருந்தது. அளக்கற சங்கிலியோட விழுந்தேன். யாருக்கு எதிரா அளக்கப் போனேனோ அவரே இறங்கித் தூக்கி, அவரு வேட்டியக் குடுத்துக் கட்டிக்கச் சொன்னாரு. அவரு வேட்டியக் கட்டிக்கிட்டே அவரு வரப்ப ரெண்டடி உள்ள தள்ளி வச்சேன்."

"அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"வேட்டிய மட்டும் தொவச்சுக் குடுத்தனுப்புங்க சார்னு சொன்னாரு."

எனக்குக் கடலை புரையேறிவிட்டது. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. மறுபடி கிளம்பி, அந்தக் கதையிலிருந்து வேறொரு கதைக்குப் போனோம். பள்ளியில் எங்கள் தலைமையாசிரியை ஆய்வு அதிகாரிக்குப் பயந்து ஆய்வுக்கூட எலும்புக்கூட்டுக்குச் சால்வை போர்த்திய கதையை நான் சொன்னேன்.

அண்ணன் போன் செய்தபோதுதான் வெளியே பார்த்தோம். "எங்க இருக்கீங்க? சாப்பாடு ஆறுது" என்றார்.

உடையார்பாளையத்தையும் விட்டு, ஜெயங்கொண்டத்தையும் தாண்டி, மீன்சுருட்டிக்கே வந்திருந்தோம்.

"வந்துட்டோம்ணே, பக்கத்துலதான்" என்றார் என் கணவர், வாழ்க்கையில் முதல்முறையாக அடிக்கணக்கு சொல்லாமல். போனை வைத்துவிட்டு ஒரு டீக்கடையைப் பார்த்து ஓரம் கட்டினார். வந்தது வந்துவிட்டோம், ஒரு டீயாவது குடித்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினோம்.